இறவாணத்தைப் பாருங்கள்: கூரை விளிம்புக் கோளாறுகளை அறிகுறியைக் கொண்டு கண்டுபிடிப்பது

இடி இல்லாத மழை நாளில் ஒரு குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். கூரையில் என்ன கோளாறு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க அதுதான் நல்ல நேரம். வெயிலில் ஏணி வைத்து ஏறினால் காய்ந்த தகரமும் பழைய கறையும்தான் தெரியும். மழையில் நின்றால் தண்ணீரே வழி காட்டும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) தச்சு வேலை செய்கிறேன். ‘கூரை ஒழுகுகிறது’ என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கூரையின் நடுவைக் காட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது விளிம்பை. நடுக்கூரையில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. விளிம்புக்கு வந்த பிறகுதான் அது திசை மாறுகிறது, கீழே விழுகிறது, தேங்குகிறது, காற்றடித்தால் திரும்பி வருகிறது. பக்கத்தில் இருக்கும் தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நமக்கு அவ்வளவு இல்லாவிட்டாலும், பெய்கிற மழை அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் சரிவும் உள்ள கூரைப் பக்கத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 1,200 லிட்டர். அத்தனையும் ஒரே ஒரு விளிம்பு வழியாகத்தான் இறங்க வேண்டும்.

பெயர்களைத் தெரிந்துகொள்வோம்

வேலையாளிடம் பேசுவதற்கு ஆறு பெயர்கள் போதும். கூரை சரிந்து முடியும் கீழ்விளிம்பு இறவாணம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து வீடுகளில் ரப்பர் பால் வெட்டும் கத்தியையும் அரிவாளையும் செருகி வைத்த இடம் அது. முகட்டிலிருந்து இறவாணம் வரை பக்கவாட்டில் சாய்வாக இறங்குவது சாய்விளிம்பு. அதற்குக் கீழே முக்கோணச் சுவர் இருக்கும். சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரைப் பகுதி முழுவதையும் ‘நீட்டம்’ என்று சொல்லலாம். கூரையைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரங்களின் நுனியை மூடி நிற்கும் பலகை முகப்புப் பலகை. கடையில் பாசியா என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பலகையில் மாட்டியிருப்பது, தண்ணீரை ஏந்தும் பீலி. நீட்டத்தை அண்ணாந்து பார்த்தால் தெரிவது அடிப்பலகை. இது எல்லா வீட்டிலும் இருக்காது.

வெளிச்சுவரை ஒட்டி, சீலிங் மூலையில் பழுப்புக் கறை

அதிகமாக வரும் புகார் இதுதான். அதிகமாகத் தவறான வைத்தியம் பார்க்கப்படுவதும் இதற்குத்தான்.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் ஓர் அக்கா, “தம்பி, மூன்று தடவை ஆணித் தலைக்கெல்லாம் தார் பூசியாகிவிட்டது. கறை இன்னும் பெரிதாகிக்கொண்டே போகிறது” என்றார். மேலே ஏறிப் பார்த்தேன். தகரத்தில் எங்கும் ஓட்டை இல்லை. தாரும் நன்றாகத்தான் பூசியிருந்தது. அன்று மாலை மழை வந்தபோது கைவிளக்கோடு இறவாணத்துக்கு அடியில் போய் நின்றேன். தகரத்தின் பள்ளத்தில் ஓடி வந்த தண்ணீர் நுனியைத் தொட்டதும் கீழே விழுந்திருக்க வேண்டும். பாதி விழுந்தது. மீதி, நுனியைச் சுற்றி வளைந்து, தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டியபடி உள்நோக்கி ஊர்ந்தது. ஒரு துளி போன பாதையிலேயே அடுத்த துளியும் போயிற்று. ஒரு சாண் தூரம் சென்று, தகரத்தைத் தாங்கும் முதல் சட்டத்தில் மோதி, அங்கிருந்து முகப்புப் பலகையின் பின்புறமாக இறங்கிச் சுவரின் தலையில் விழுந்தது. சீலிங் கறை அதற்கு நேர் கீழே இருந்தது.

தண்ணீருக்குப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. குவளையிலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வெளியே விழாமல் குவளையின் பக்கத்திலேயே வழிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இதுவும். கூரைச் சரிவு குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும். அதனால் பார்க்க வேண்டியவை இவை.

தகரத்தின் நுனி முகப்புப் பலகையைத் தாண்டிச் சுமார் 5 சென்டிமீட்டர் பீலிக்குள் நீண்டிருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தண்ணீர் பலகையின் பின்னால் இறங்கும். அளவுக்கு மேல் நீண்டிருந்தால் பெருமழையில் தண்ணீர் பீலியைத் தாண்டிப் பாயும். நீளம் சரியாக இருந்தும் தண்ணீர் உள்ளே ஊர்ந்தால், ஒவ்வொரு பள்ளத்தின் நுனியையும் இடுக்கியால் சற்றே கீழ்நோக்கி மடக்குங்கள். அந்த மடிப்பில் தண்ணீர் பிடிவிட்டு விழுந்துவிடும். தகரம் குட்டையாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. மடிப்புத் தகரப் பட்டை ஒன்றை அதன் அடியில் செருகி, பட்டையின் கீழ்நுனி பீலிக்குள் இறங்கும்படி ஆணியடித்தால் போதும். அக்கா வீட்டில் இந்தப் பட்டையைத்தான் வைத்தேன். ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது.

பட்டை வைப்பதற்கு முன் பீலியையும் சோதித்துவிடுங்கள். பீலியின் முன்னுதடு பின்பக்கத்தைவிட ஒரு விரல் அளவாவது தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பீலி நிரம்பினால் தண்ணீர் வாசலில் விழும். முன்னுதடு உயர்ந்திருந்தால் நிரம்பிய தண்ணீர் முழுவதும் வீட்டுப் பக்கம் வழியும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்பக்கத்தைத் தூக்கி மாட்டிய பீலிகளைத் தாமான்களில் நிறையப் பார்க்கிறேன். அந்த வீடுகளில் சின்ன மழைக்கு ஒன்றும் ஆகாது. பெருமழைக்கு மட்டும் ஒழுகும். ஒழுக்கு எப்போது வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மழைக்காகக் காத்திருக்க முடியவில்லையென்றால் குழாய்த் தண்ணீரால் சோதிக்கலாம். எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். முதலில் இறவாண நுனியில் மட்டும் பத்து, பதினைந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் உள்ளே விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஈரம் வரவில்லையென்றால் ஒரு முழம் மேலே நகருங்கள். முகட்டில் தொடங்கித் தண்ணீரைக் கொட்டினால் கூரை முழுவதும் நனைந்துவிடும். பிறகு எது எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது.

காற்றோடு மழை பெய்தால் மட்டும் பக்கச் சுவர் நனைகிறது

சாய்விளிம்பைப் பாருங்கள். இறவாணத்துக்குப் பீலி இருக்கிறது. சாய்விளிம்புக்கு எதுவும் இல்லை. அதனால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டு வீடாக இருந்தால் கடைசி ஓட்டு வரிசையைப் பிடித்திருக்கும் சாந்து விரிந்து, கையால் தட்டினால் உதிரும். அந்தச் சாந்தைச் சுத்தமாகக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். விரிசலின்மேல் பூசுவது ஒரு வருடம்கூடத் தாங்காது. தகர வீடாக இருந்தால், சாய்விளிம்புத் தகரமும் பக்கப் பலகையும் சந்திக்கும் இடத்தைக் கவிழ்த்து மூடும் மடிப்புத் தகரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அதை வைத்திருக்கவே மாட்டார்கள்.

ஜன்னல் வழியாகச் சாரல். சுவரின் கீழ்ப்பகுதியில் சேறு தெறித்த கறை

இங்கே கூரையில் பழுது எதுவும் இல்லை. நீட்டம் போதவில்லை, அவ்வளவுதான். கணக்கு எளிது. நீட்டம் 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மழை செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்து விழுந்தால் இறவாணத்துக்குக் கீழே சுமார் ஒரு மீட்டர் சுவர் நனையாமல் இருக்கும். 45 பாகை சாய்ந்தால் 60 சென்டிமீட்டர்தான். நம் ஊர்ப் புயல்மழை பல நாள் அதைவிடவும் சாய்ந்து அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடியோடு வரும் மழையை நினைத்துப் பாருங்கள்.

உடனே நீட்டத்தைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கைமரம் வெளியே ஒரு பங்கு நீண்டால் சுவருக்கு உள்ளே குறைந்தது இரண்டு பங்காவது பிடிப்பு இருக்க வேண்டும். இருக்கிற கைமரத்தின் நுனியில் ஒரு துண்டை ஆணியடித்து ஒட்டி நீட்டினால், முதல் பலத்த காற்றில் அது மேல்நோக்கி ஒடியும். முகப்புப் பலகையில் பந்தல் தகரத்தைத் தொங்க விடுவது இன்னும் மோசம். அந்தப் பலகை பீலியின் பாரத்தைத் தாங்கத்தான் போட்டது. ஜன்னலுக்கு மேல் சுவரில் தனியாகச் சட்டம் அடித்து ஒரு சின்ன மழைத் தடுப்பு வைப்பது மலிவு, உறுதியும்கூட. அரை மீட்டர் அகலமே ஜன்னலுக்குப் போதும். கூரையை இறவாணத்தில் நீட்டுவதை விட அது ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பதால் சாரலை நன்றாகத் தடுக்கும்.

வெயிலுக்காக நீட்டம் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே இருக்கிறோம். உச்சி வெயில் தலைக்கு மேலேதான் நிற்கும். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய நீட்டமே நிழல் தந்துவிடும். மேற்குச் சுவரில் மாலை நான்கு மணிக்கு மேல் படுத்து வரும் வெயிலை எவ்வளவு நீட்டினாலும் கூரை மறைக்காது. அங்கே மரமோ தட்டியோதான் உதவும்.

சுவரின் அடியில் சேறு தெறிப்பது வேறு சங்கதி. பீலி இல்லாத இறவாணத்திலிருந்து விழும் தண்ணீர் மண்ணைக் குழித்துச் சுவரில் அடிக்கிறது. நீர் விழும் கோட்டில் இரண்டு அடி அகலத்துக்குச் சரளைக்கல் போட்டாலே தெறிப்பது அடங்கிவிடும். லயத்து வீடுகளைச் சுற்றி அந்தக் காலத்தில் கட்டிய சிமெண்ட் வாய்க்கால் சரியாக அந்தக் கோட்டில்தான் இருக்கும்; கட்டியவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் செடிச்சட்டி வைத்து அடைத்துவிட்டார்கள்.

பின்புறச் சமையலறை சேரும் இடத்தில் ஒழுக்கு

பழைய வீட்டுச் சுவரில் புதிய சமையலறைக் கூரையின் மேல்விளிம்பு முட்டி நிற்கும். இதுவும் ஒரு விளிம்புதான் என்பதை யாரும் நினைப்பதில்லை. சிலிக்கோனை ஒரு கோடாக இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓர் ஆண்டுக்குள் அது ஒரு பக்கம் பிய்ந்து, நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். புதிதாகக் கட்டிய பகுதியின் அடித்தளம் தனியாக இறங்கும். பழைய வீடு தன் இடத்தில் அப்படியே நிற்கும். வெயிலில் தகரமும் சும்மா இருப்பதில்லை: 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகரம் 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், மாலை மழையில் மறுபடி சுருங்கும். அன்றாடம் இப்படி அசையும் மூட்டைப் பசை மட்டும் பிடித்து நிற்காது.

சரியான வழி, பிளாஷிங் என்று கடையில் சொல்லும் மடிப்புத் தகரம். சுவரில் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, தகரத்தின் மேல்நுனியை அதற்குள் மடித்துச் செருகிச் சாந்து பூச வேண்டும். அங்கிருந்து சுவரை ஒட்டி ஒரு சாண் இறங்கி, கூரைமேல் இன்னொரு சாண் படர வேண்டும். கூரைத் தகரத்தோடு அதை இறுக்கமாகப் பிணைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடம் வேண்டும். சிலிக்கோன் காடியின் வாயில் மட்டும். உங்கள் கூரை அலுமினியமும் துத்தநாகமும் பூசிய புதுவகைத் தகரமாக இருந்தால் ஈயத் தகட்டையோ ஈரச் சாந்தையோ அதன்மேல் பட விடாதீர்கள், மேல்பூச்சு அரித்துவிடும்.

பெரிய வீட்டின் இறவாணத் தண்ணீர் நேரே சமையலறைக் கூரையில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் மேலே பீலி வைத்தே ஆக வேண்டும். இரண்டு கூரைத் தண்ணீரை ஒரே மூட்டு தாங்காது. தொடர்வீடாக இருந்தால் வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். அவர் சுவரில் காடி வெட்ட நேரலாம். உங்கள் தண்ணீர் அவர் பக்கம் விழவும் கூடாது. புதிதாக நீட்டிக் கட்டுவதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இரவில் காற்றடித்தால் தகரம் தடதடவென்று அடிக்கிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். காற்று சுவரில் மோதி மேலே ஏறும்போது நீட்டத்தை அடியிலிருந்து தூக்குகிறது. அதே நேரம் கூரைமேல் ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில் இழுப்பதால் கூரை பறப்பது எப்போதும் விளிம்பில், அதிலும் மூலையில்தான் தொடங்கும். ஒரு தகரம் கிளம்பினால் காற்று உள்ளே புகுந்து அடுத்ததையும் தூக்கும்.

இறவாணத்தின் முதல் இரண்டு சட்டங்களிலும் சாய்விளிம்பு ஓரத்திலும் திருகாணிகளை நெருக்கமாக அடிக்க வேண்டும். நடுக்கூரைக்கு அடித்த இடைவெளி அங்கே போதாது. பழைய ஆணிகள் தகரம் நீண்டு சுருங்குவதில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும். சுத்தியலால் திரும்ப அடித்து இறக்குவதில் பயனில்லை. பிடுங்கிவிட்டு, அதைவிடத் தடித்த, ரப்பர் வாஷர் உள்ள திருகாணியைத் தகரத்தின் மேட்டில் போடுங்கள். பள்ளத்தில் போட்டால் ஓடும் தண்ணீர் அதன் வழியாக இறங்கும். வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். திருகாணி பிடிக்காமல் சுழன்றால் அடியில் இருக்கும் சட்டம் உளுத்துவிட்டது. தகரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகப்புப் பலகையில் வண்ணம் உரிகிறது

வண்ணம் உரிந்த இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். கடினமாக இருந்தால் மேற்பரப்பு ஈரம்தான். ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கினால் பலகையின் பின்பக்கம் பல காலமாக நனைகிறது. பலகையை மட்டும் மாற்றினால் புதிய பலகையும் உளுக்கும். மேலே சொன்ன தகர நுனியையும் பீலியின் உதட்டையும் முதலில் சரிசெய்யுங்கள். புதிய பலகையின் பின்புறத்துக்கும் அறுத்த முனைகளுக்கும் வண்ணம் பூசிய பிறகே ஏற்றுங்கள். வெளியே தெரியாத அந்தப் பக்கம்தான் முதலில் உளுக்கிறது. மண் கோடு தெரிந்தால் அது கறையான். ஈரமான மரத்தைத் தேடித்தான் அது அவ்வளவு உயரம் ஏறியிருக்கும்.

பீலியில் தண்ணீர் தேங்குகிறது, வீட்டில் கொசு

மீட்டருக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் தாங்கிகளை நெருக்கமாகப் போடுங்கள். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும்; ஆகவே வாரம் ஒரு முறை பீலியைப் பார்ப்பது வீணல்ல. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்கவும் இடமுண்டு.

தோட்டத்தை ஒட்டி இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ஆண்டின் தொடக்கத்தில் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், இலை உதிர்க்கும். புதுத் தளிர் விட்டதும் ஒரு தடவை பீலியை வாரிச் சுத்தம் செய்துவிட்டால் ஏப்ரல் மழைக்குத் தயாராக இருக்கலாம்.

அடிப்பலகை தொய்ந்திருக்கிறது, உள்ளே சலசலப்பு

மைனா கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்துபோகும் வரை பொறுத்திருந்து, பிறகு கம்பி வலையால் அடையுங்கள். காற்றோட்டத்துக்கான துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தகரத்தின் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

பழைய தோட்ட வீடுகளிலும் பழைய கடை வீடுகளிலும் அடிப்பலகையோ கூரையோ சாம்பல் நிறச் சிமெண்ட் தகடாக இருந்தால், அதில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைத்துக் கீழே தள்ளாதீர்கள், பலமான தண்ணீர் பீய்ச்சியும் கழுவாதீர்கள். முழுதாக இருக்கும் தகட்டால் ஆபத்து குறைவு. பொடியானால் அதன் இழை நுரையீரலில் தங்கிவிடும். நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பழைய தகட்டை உடைத்துக் கோழிக் கூண்டு செய்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் பழக்கப்பட்ட ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

ஏறுவதற்கு முன்

ஏணி நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். விளிம்புக்கு மேல் மூன்று அடி நீண்டிருக்க வேண்டும். ஏணியைப் பீலியில் சாய்க்கக் கூடாது. ஈரத் தகரத்திலும் பழைய சிமெண்ட் தகட்டிலும் காலை வைக்கவே வேண்டாம். விளிம்பு வேலையில் முக்கால்வாசி, கூரைமேல் ஏறாமல் ஏணியில் நின்றே செய்யக்கூடியது.

வேலை முடிந்ததும் உடனே சீலிங்குக்கு வண்ணம் அடிக்காதீர்கள். பழைய கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மூன்று பெருமழைக்குப் பிறகும் கறை கோட்டைத் தாண்டாவிட்டால் வண்ண டின்னைத் திறக்கலாம். தாண்டினால், தாண்டிய பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கத்து விளிம்பிலிருந்து மறுபடி தண்ணீர் விட்டுச் சோதியுங்கள்.